அண்ணன் வெத்தலை மெல்லலைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பத்திரிகை உடல்நலப் பக்கத்துல ஒரு சின்னக் கட்டுரை வந்துச்சு. கை, காலு, வாயி தானா ஆடுனா அது பார்க்கின்சன், வயசானா வர்றதுதான், உடனே டாக்டரைப் பாருங்கன்னு போட்டிருந்துச்சு. டாக்டரைப் பாருங்கன்னது சரி. மத்த ரெண்டும் பாதிதான் சரி, சில மருந்துங்களை ரொம்ப நாள் எடுத்தாலும் இப்படி ஆடும், அந்த மீதிப் பாதியால எங்க வீட்டுல முழுசா மூணு வருஷம் போச்சு. அதான் வேலை முடிஞ்சு வந்து போன்லயே உக்காந்து தட்டிக்கிட்டு இருக்கேன், நீளமாப் போனா வெட்டிக்குங்க, ஆனா மருந்துப் பேருங்கள மட்டும் வெட்டிடாதீங்க.

எங்க அண்ணனுக்கு 58 வயசு. நாங்க பினாங்குல ஜெலுத்தோங் பக்கம் பிளாட்டுல இருக்கோம், அம்மா போனதுக்கப்புறம் அவரு என்கூடத்தான். இருபது வயசு சொச்சத்துல அவருக்கு ஸ்கிசோஃப்ரினியாங்கிற மனநோய் வந்துச்சு. அப்பல்லாம் யாரு நோய்ப் பேரைச் சொன்னா, 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்'னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. பேராக்குல 1911ல தொறந்த மனநல ஆஸ்பத்திரி அங்க இருக்கிறதால ஒரு ஊருப் பேரே நம்மாளுங்களுக்கு வசவாப் போச்சு, இத்தனைக்கும் இப்ப அந்த ஆஸ்பத்திரி பேருல இருக்கிற 'பஹாகியா'வுக்கு மகிழ்ச்சின்னு அர்த்தம். சரி அத விடுங்க. அண்ணனுக்கு மாசாமாசம் ஊசி போட்டாங்க, ஹாலோபெரிடால்னு பழைய காலத்து மருந்து. அந்த ஊசி இருந்ததாலதான் அவரு ஒரு ஹார்ட்வேர் ஸ்டோருல 20 வருஷத்துக்கு மேல வேலை செஞ்சாரு, அம்மாவுக்கு மாசச் செலவு குடுத்தாரு. இத மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இனிமே எழுதப்போறதப் படிச்சிட்டு யாரும் ஊசிய நிறுத்திடக்கூடாது.

வாய் எப்ப ஆட ஆரம்பிச்சுதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. கோவிட் நேரம், எல்லாரும் மாஸ்க். அவரோட மாஸ்க் மட்டும் உள்ளேருந்து யாரோ இழுக்குற மாதிரி போய்ப்போய் வரும், நான் மூச்சு முட்டுதோன்னு நெனச்சு பெரிய சைஸ் வாங்கிக் குடுத்தேன். மாஸ்க்க எடுத்தப்புறம்தான் பாக்குறேன், உதட்டக் குவிக்கிறாரு, விரிக்கிறாரு, நாக்கு பல்லுக்கு வெளிய வந்து எட்டிப் பாத்துட்டு உள்ள போவுது, தாடை மெல்லுது. சாப்பாடு ஒண்ணும் இல்ல, சும்மா மெல்லுது. கேட்டா "நானா? இல்லையே"ங்கிறாரு. உண்மையாவே அவருக்குத் தெரியல. இதுல ஒரு விசேஷம், தூங்குறப்ப ஒண்ணுமே இல்ல, வாய் குழந்தை வாய் மாதிரி சாந்தமா இருக்கும், காலையில எந்திரிச்சு பத்து நிமிஷத்துல திரும்ப ஆரம்பிச்சிடும், நாலு பேரு பாக்குற எடம்னா இன்னும் ஜாஸ்தி.

கோப்பிக்கடையில 'என்னண்ணே காலையிலேயே வெத்தலையா'ன்னு கேப்பாங்க. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுறப்ப ஒரு பையன் அவரு முன்னாடியே அதே மாதிரி வாயை ஆட்டிக் காமிச்சான், கூட வந்தவங்க சிரிச்சாங்க, அதுக்கப்புறம் அண்ணன் கூட்டத்துக்கே வர்றதில்ல. சொந்தக்காரங்க ஒருத்தர் பல்லு செட்டு லூசா இருக்கும்னாங்க, 800 வெள்ளி குடுத்து புது செட்டு கட்டுனோம், அதையும் நாக்கு தள்ளித் தள்ளி மூணு தடவை கீழ விழுந்துச்சு. ஒரு கிளினிக்குல வாய் ஆடுறதையும் கை விரல் ஆடுறதையும் ஒண்ணாக் கணக்குல எடுத்துக்கிட்டு, அவரு ஏற்கெனவே சாப்பிட்டுக்கிட்டு இருந்த பென்செக்சால் மாத்திரையக் கூட்டிவிட்டாங்க. நிலைமை இன்னும் மோசமாச்சு, போதாக்குறைக்கு மலச்சிக்கல், ஞாபக மறதி வேற. பின்னாடிதான் தெரிஞ்சுது, மனநோய் மருந்தால வர்ற விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் அந்த மாத்திரை நல்லது, ஆனா இந்த வாயாட்டத்துக்கு உதவாது, கெடுக்கவும் செய்யும். இன்னொரு எடத்துல 'பார்க்கின்சன்தான், வயசாச்சுல்ல'ன்னு சொல்லி முடிச்சிட்டாங்க. நான் யாரையும் பேரு சொல்லிக் குத்தம் சொல்லல, ஒரு நாளைக்கு அத்தனை பேரைப் பாக்குறவங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு புது டாக்டரு, அஞ்சு நிமிஷம்.

கண்டுபுடிச்சது ஒரு சின்னப் பொண்ணு, மலாய்க்கார டாக்டர், அண்ணனுக்கு மகளா இருக்கிற வயசு. அன்னிக்கு நடந்தது எனக்கு அப்படியே கண்ணுல நிக்குது. மொதல்ல "வாயில பபிள்கம் ஏதும் இருக்கா, மிட்டாய் இருக்கா"ன்னு கேட்டாங்க, எனக்குக் கோவமே வந்துருச்சு, இவங்களுமான்னு. ஆனா அவங்க கேட்டது அந்தச் சோதனையில உள்ள கேள்வி. அப்புறம் பல்லு செட்டு சரியா உக்காருதான்னு கேட்டாங்க. நாற்காலியில உக்கார வச்சு கைய முட்டி மேல வைக்கச் சொன்னாங்க, "புக்கா மூலுட், பாங்", வாயைத் தொறக்கணும், ரெண்டு தடவை, நாக்க நீட்டணும், ரெண்டு தடவை, அப்புறம் கட்டை விரலால மத்த ஒவ்வொரு விரலையும் வேகமாத் தட்டணும். விரல் தட்டுறப்ப வாய் ஆட்டம் ரெண்டு மடங்காச்சு, அவங்க அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் நடந்து போயிட்டு வரச் சொன்னாங்க. முகம், உதடு, தாடை, நாக்கு, கை, கால், உடம்புன்னு ஏழு எடத்துக்கும் 0லேருந்து 4 வரைக்கும் மார்க். மொத்தம் 28, அண்ணனுக்கு 14. தானா வர்ற அசைவ அளக்குற இதுக்கு எய்ம்ஸ் (AIMS) ஸ்கேல்னு பேரு, 1970கள்லேருந்து இருக்குது, மெஷின் வேணாம், ரத்தம் எடுக்க வேணாம், ஒரு நாற்காலியும் பத்து நிமிஷமும் போதும். இத்தனை வருஷம் ஊசி போட்டுக்கிட்டவருக்கு அதை வருஷத்துக்கு ஒரு தடவைகூட யாரும் செய்யல, இதுல மட்டும் எனக்கு இன்னும் மனசு ஆறல.

பேரு டார்டிவ் டிஸ்கைனீசியா. டார்டிவ்னா தாமதமா வர்றது, டிஸ்கைனீசியான்னா நம்ம கட்டுப்பாட்டுல இல்லாத அசைவு. மருந்து ஆரம்பிச்சு பல மாசம், பல வருஷம் கழிச்சுத்தான் தலை காட்டும், அதனாலதான் மருந்தையும் ஆட்டத்தையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பாக்குறதில்ல. அந்த டாக்டரம்மா எனக்குச் சொன்னத என் பாஷையில சொல்றேன். மூளையில டோபமின்னு ஒரு சரக்கு இருக்கு, உடம்பு அசையுறதுக்கு சேதி கொண்டு போறதுல அதுக்குப் பெரிய பங்கு. அண்ணனுக்குக் குடுத்த மாதிரி மனநோய் மருந்துங்க அந்தச் சேதி போய்ச் சேர்ற வாசலை அடைக்குது. வருஷக்கணக்கா அடைச்சே வச்சா உள்ள இருக்கிறவன் காதைத் தீட்டிக்கிட்டே உக்காந்திருப்பான் இல்ல, லேசாத் தட்டுனாலும் துள்ளி எந்திரிப்பான், அந்த மாதிரி வாசல் ரொம்ப உஷாராயிடுதுன்னு டாக்டருங்க கருதுறாங்க. பழைய மருந்து எடுக்குறவங்கள்ல வருஷத்துக்கு 100 பேருக்கு ஒரு 5 பேருக்குப் புதுசா வருதாம், வயசானவங்களுக்கு இன்னும் அதிகம். புது வகை மருந்துங்கள்ல கம்மி, ஆனா வராதுன்னு இல்ல.

இப்ப பார்க்கின்சனுக்கு வருவோம். அதுல டோபமின் பத்தாமப் போவுது, இதுல டோபமினுக்கு உடம்பு அளவுக்கு மீறித் துள்ளுது. ரெண்டும் எதிர் எதிர். ஒண்ணுக்குக் குடுக்குற மருந்து இன்னொண்ணைக் கெடுக்கும். அதனாலதான் அந்தக் கட்டுரையப் படிச்சப்ப எனக்குப் பதறுச்சு, ஆடுறது எல்லாத்துக்கும் ஒரே பேரு வச்சா மருந்தும் மாறிப் போயிடும்.

அண்ணனுக்கு ஊசிய நிறுத்தி வேற மருந்துக்கு மெதுவா மாத்துனாங்க, மெதுவான்னா நாலு மாசம். அவசரப்பட்டு ஒரே நாள்ல நிறுத்துனா ஆட்டம் இன்னும் கூடலாம், நோயும் திரும்பலாம். அதுக்கப்புறமும் மார்க் கொறையல, அப்பத்தான் டெட்ராபெனசின்னு ஒரு மாத்திரை எழுதுனாங்க. பெரிய டாக்டரு கையெழுத்து, பேப்பரு அதுஇதுன்னு கைக்கு வர ஆறு வாரம் ஆச்சு. இது 1950கள்லேயே வந்த பழைய மருந்து, இங்கிலாந்துல டார்டிவுக்கும் குடுக்குறாங்க, அமெரிக்காவுல 2008லதான் அனுமதி கெடச்சுது, அதுவும் ஹன்டிங்டன்னு ஒரு நோயில வர்ற ஆட்டத்துக்கு. ஹன்டிங்டன் வேற, அது பரம்பரை, அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வர வாய்ப்பு இருக்கு. 

இந்த மாத்திரை வாசல் பக்கம் போறதில்ல, அனுப்புற எடத்துல வேலை செய்யுது. டோபமின் நரம்புக்குள்ள சின்னச் சின்னப் பொட்டலமா கட்டித்தான் வெளிய போவுதாம், கட்டுற புரதத்துக்கு விமேட் 2ன்னு பேரு. காலையில நாசி லெமாக் விக்கிற அக்கா வீட்டுல குண்டான் நெறைய சோறு இருந்தாலும் எலை மடிக்கிற ரெண்டு பேரு வரலன்னா கடைக்கு எத்தனை பொட்டலம் வரும்? அந்தக் கதைதான். சேதி கொறையுது, துள்ளலும் கொறையுது.

25 மில்லிகிராம் மாத்திரையப் பாதியா ஒடச்சு 12.5ல ஆரம்பிச்சாங்க, வாரம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனாங்க. இத யாரும் அளவுன்னு எடுத்துக்காதீங்க, ஆளுக்கு ஆளு மாறும், இந்த மருந்தக் கரைக்கிற வேகமே சில பேரு உடம்புல பொறவியிலேயே கம்மியாம், மனச்சோர்வுக்குக் குடுக்குற ஃப்ளூவாக்செட்டின், பாராக்செட்டின் கூட சேந்தா ரத்தத்துல அளவு ஏறிடுமாம். சீக்கிரம் கரைஞ்சு போறதால ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை போடணும், இதுதான் எனக்குப் பெரிய தலைவலி, மதிய வேளைக்கு நான் ஆபீஸ்ல இருப்பேன், போன் போட்டு "அண்ணே மாத்திரை"ன்னு சொல்லணும். இதையே மாத்தி மெதுவாக் கரையுற மாதிரி ரெண்டு மருந்து 2017ல அமெரிக்காவுல வந்துச்சு. வால்பெனசின் அந்த வருஷம் ஏப்ரல்ல, டார்டிவுக்குன்னே அங்க அனுமதி வாங்குன மொத மருந்து அதுதான், பெரியவங்களுக்கு, ஒரு நாளைக்கு ஒரே கேப்ஸ்யூல். இன்னொண்ணு டியூடெட்ராபெனசின், மருந்துல சில எடத்துல ஹைட்ரஜன எடுத்துட்டு அதோட கனமான அண்ணன் டியூட்டீரியத்த வச்சிருக்காங்க, நல்ல மூளைதான். ஆனா அங்க மாசத்துக்குப் பல ஆயிரம் டாலர் வெலை, அதக் கேட்டதும் நானும் அண்ணனும் பழைய மாத்திரையே போதும்னு முடிவு பண்ணிட்டோம்.

எவ்வளவு கொறையும்னு எல்லாரும் கேக்குறாங்க. வால்பெனசின் ஆராய்ச்சியில ஆறு வாரம் 80 மில்லிகிராம் எடுத்தவங்களுக்கு நான் மேல சொன்ன மார்க் சராசரியா 3.2 எறங்குச்சு, மருந்தில்லாத சும்மா மாத்திரை எடுத்தவங்களுக்கு 0.1. 3.2ன்னா என்னடா இதுன்னு தோணும், ஆனா அவங்க ஆரம்பிச்சதே சராசரி 10லேருந்துதான். எங்க அண்ணன் 14லேருந்து 8க்கு வந்தாரு. இன்னும் ஆடுது, ஆனா பல்லு செட்டு நிக்குது, சூப்பு வழியாமக் குடிக்கிறாரு. இது நோய எடுக்குற மருந்து இல்ல, அந்த ஆராய்ச்சியிலயே மருந்த நிறுத்துனதும் ஆட்டம் திரும்பி வந்துச்சு.

இப்ப நான் செஞ்ச தப்பையும் சொல்லணும். மூணாவது வாரம் அண்ணன் ரொம்பத் தூங்குனாரு, அது வரும்னு சொல்லியிருந்தாங்க, நானும் சரின்னு விட்டேன். அவரு டெய்லி காலையில கோப்பி ஓவும் நம்ம பத்திரிகையும் இல்லாம இருக்க மாட்டாரு, மொத பக்கத்துலேருந்து மரண அறிவிப்பு வரைக்கும் ஒண்ணு விடமாட்டாரு. ஒரு வாரம் கழிச்சுப் பாக்குறேன், பத்திரிகைங்க மேசை மேல மடிச்ச மடிப்பு கலையாம அடுக்கி இருக்கு. ஏழு நாளு பத்திரிகை. அப்பவும் நான் போன் பண்ணல, அடுத்த அப்பாய்ன்மென்ட் ஒம்பது நாள்ல இருக்கே அப்ப சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அவரு "நான் இருந்து உனக்கு என்ன புண்ணியம்"னு கேட்டாரு. அன்னிக்கே தூக்கிக்கிட்டு ஓடுனேன். டெட்ராபெனசின் மனச்சோர்வைக் கொண்டு வரும், தற்கொலை எண்ணமும் வரலாம்னு அமெரிக்காவுல மருந்துச் சீட்டுலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கு, ஹன்டிங்டன் நோயாளிங்களுக்குத்தான் அந்தக் கட்டம், ஆனா வீட்டுல மனநோய் உள்ளவங்க இருந்தா நாமளும் கண்ணைத் தொறந்து வச்சிருக்கணும்னு டாக்டரம்மா மொத நாளே சொல்லியிருந்தாங்க. சொன்னத நான் தலையாட்டிக் கேட்டேன், அவ்வளவுதான். அளவக் கொறச்சாங்க, பத்து நாள்ல பத்திரிகைய விரிச்சாரு, மொதல்ல படிச்சது மரண அறிவிப்புதான், எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதுலேருந்து நான் அவரு வாயப் பாக்குறதவிட மேசையத்தான் பாக்குறேன். நாம மொகம் எப்படி ஆடுதுன்னுதான் கவனிப்போம், ஆளு எப்படி இருக்காருன்னு கவனிக்க மறந்துடுவோம். உடம்பு விறைக்குதா, நடை சின்னச் சின்னதா ஆவுதா, ஒரு எடத்துல உக்கார முடியாமத் தவிக்கிறாரான்னும் பாக்கணும், டோபமின் ரொம்பக் கொறஞ்சா பார்க்கின்சன் மாதிரியே வந்துடும்.

இன்னொரு கதை. பெரியம்மா மகன் தமிழ்நாட்டுக்குப் போயிட்டு வந்தப்ப நரம்புக்கு நல்லதுன்னு சர்ப்பகந்தா பொடி ஒரு டப்பா கொண்டாந்தாரு. பாசத்துலதான் கொண்டாந்தாரு, மூலிகைதானே, என்ன ஆகிடப் போவுது. நல்லவேளை மருந்து வாங்கப் போனப்ப பார்மசியில சும்மா காமிச்சேன், அந்தப் பொண்ணு டப்பாவக் கையிலேருந்து வாங்கி கவுண்டருக்கு அந்தப் பக்கம் வச்சுட்டாங்க. 1952ல அந்தச் செடி வேருலேருந்துதான் ரெசர்பின்னு ஒரு மருந்தப் பிரிச்சு எடுத்தாங்களாம், ரத்தக் கொதிப்புக்கு ரொம்பக் காலம் குடுத்திருக்காங்க. அதுவும் பொட்டலம் கட்டுற அதே எடத்தத்தான் அடைக்குது, இன்னும் அழுத்தமா, நாள் கணக்குல. ரெசர்பின் சாப்பிட்டவங்க அத நிறுத்தி 20 நாளாவது ஆனப்புறம்தான் டெட்ராபெனசின் தொடங்கணும்னு விதி. ரெண்டையும் ஒண்ணா விழுங்கியிருந்தா அண்ணன் பத்திரிகையத் தொறந்திருப்பாரான்னு எனக்குத் தெரியல. நாட்டு மருந்து வேணாம்னு சொல்லல, நாட்டு மருந்தும் மருந்துதான்னு சொல்றேன்.

எங்க வீட்டுல யாருக்கும் மனநோய் இல்ல, இது நமக்கு எதுக்குன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு. எங்க பிளாட்டுல கீழ் மாடி அத்தைக்கு இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி, சாப்பிட்டா வயிறு உப்பி வாந்தி. ஒரு கிளினிக்குல குடுத்த மாத்திரைய எட்டு மாசமா வேளைக்கு ஒண்ணுன்னு போட்டுக்கிட்டு இருந்தாங்க, திரும்பத் திரும்ப அங்கேயே போய் வாங்கி. ஒரு நாள் லிப்டுல பாக்குறேன், அத்தை உதட்டைச் சுழிக்கிறாங்க, எனக்கு அண்ணனப் பாத்த மாதிரியே இருந்துச்சு. பிளாஸ்டிக் பையில எழுதியிருந்தது மெட்டொக்குளோப்ரமைட். அதுவும் டோபமின் வாசலை அடைக்கிற மருந்துதான், மனநோய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, வாந்திக்குக் குடுக்குறது. அமெரிக்காவுல 2009லேயே இதுக்குக் கறுப்புக் கட்டத்துல எச்சரிக்கை போட்டு 12 வாரத்துக்கு மேல தராதீங்கன்னு சொல்லிட்டாங்க, ஐரோப்பாவுல 2013ல 5 நாளுக்கு மேல வேணாம்னுட்டாங்க. வயசான பொம்பளைங்களுக்கும் இனிப்புநீர் உள்ளவங்களுக்கும் அபாயம் கூடுதல், அத்தை ரெண்டும். தலை சுத்தலுக்குக் குடுக்குற புரோகுளோர்பெரசினும் இதே ஜாதி. ரெண்டு மூணு நாளைக்கு வாங்குனா பயப்பட ஒண்ணுமில்ல, மாசக்கணக்குல ஓடுனாத்தான் பிரச்சினை. அத்தைய டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போய் நிறுத்துனோம், அஞ்சு மாசத்துல முக்கால்வாசி அடங்கிருச்சு. சீக்கிரம் பாத்ததால. அண்ணனுக்கு மூணு வருஷம், அத்தைக்கு எட்டு மாசம்.

2025 மே 1லேருந்து தனியார் கிளினிக்குலயும் பார்மசியிலயும் மருந்து வெலைய எழுதி வைக்கணும்னு சட்டம் வந்துச்சு, எல்லாரும் வெலையப் பாக்குறோம், வாட்ஸ்அப்புல படம் எடுத்துப் போடுறோம். பையில இருக்கிற பேரை எத்தனை பேரு படிக்கிறோம்? நம்ம ஊருல டாக்டரே மருந்தையும் குடுத்துடுறாரு, மிஸ்ஸி கவுண்டருல "இது மூணு வேளை, இது வலிச்சா"ன்னு சொல்றாங்க, நாமளும் வெள்ளை மாத்திரை, மஞ்ச மாத்திரைன்னு பேரு வச்சுக்கிறோம். நான் இப்ப ஒரு பழைய பிஸ்கட் டின்னுல எல்லாக் காலிப் பையையும் போட்டு வச்சிருக்கேன், தேதி எழுதி. அப்பாய்ன்மென்ட்டுக்கு டின்னோடதான் போவேன். போன தடவை டாக்டரம்மா சிரிச்சாங்க, அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தாங்க.

ஆசிரியர் ஐயா, உங்களக் கேக்குறது ஒண்ணுதான். அந்தக் கட்டுரைக்குக் கீழ ஒரு திருத்தம் போடுங்க, பெருசா வேணாம், ரெண்டு வரி. உடம்பு தானா ஆடுனா டாக்டருகிட்ட போறப்ப போன ரெண்டு மூணு வருஷமா என்னென்ன மருந்து சாப்பிட்டீங்களோ அதையும் எடுத்துட்டுப் போங்கன்னு. மனநோய் மருந்தா இருந்தா நீங்களா நிறுத்தாதீங்கன்னு இன்னொரு வரியும் சேத்துக்குங்க.

பேரு போட வேணாம், அண்ணன் இன்னும் அதே கோப்பிக்கடைக்குத்தான் போறாரு.

இப்படிக்கு,
ஒரு தங்கச்சி,
ஜெலுத்தோங், பினாங்கு.

பி.கு: அனுப்புறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட படிச்சுக் காமிச்சேன். எல்லாம் சரியாம், ஆனா அவரு பொறந்ததுலேருந்து ஒரு வெத்தலைகூடப் போட்டதில்லன்னு தெளிவா எழுதச் சொன்னாரு. எழுதிட்டேன்.